அத்தோவின் விலை

பர்மா பஜாருக்குப் பின்னால், செகண்ட் லைன் பீச் ரோட்டில், சாயங்காலம் நண்பர்களோடு அத்தோ சாப்பிடப் போனேன். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். புளிப்பு முந்துகிறது, காரம் பின்தொடர்கிறது, நல்ல ருசி.

“வேடிக்கையான பண்டம், விலையும் மலிவு!” என்றார் நண்பர். எனக்கு அந்தப் பேச்சு ஒப்பவில்லை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. சம்பாதித்ததையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள் கொண்டுவந்த ருசி இது. பர்மியரின் மொஹிங்காவில் மீனும் வாழைத்தண்டும் உண்டு; இங்கே சூப்பில் பெரும்பாலும் தண்டுதான் மிஞ்சியிருக்கிறது. அதை அசல் அல்லவென்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிழைக்க வந்த இடத்துக்கு ஏற்ப மாறியதுதான் அதன் அசல்.

மலிவுதான், முழு விலையை வேறு யாரோ முன்பே கொடுத்துவிட்டார்கள். இதைச் சொல்லிக்கொண்டே நான் இரண்டாவது தட்டும் வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.