முதல் நாள் உலாவியும் ஆறாம் மாத உலாவியும்

பெப்பர்மின்ட் ஓஎஸ் என்ற எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளத்தின் 2022 பிப்ரவரிப் பதிப்பை நிறுவியவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கோப்பு மேலாளர் இருந்தது, டெர்மினல் இருந்தது, அமைப்புகளை மாற்றும் கருவிகள் இருந்தன. உலாவியை மட்டும் காணோம். வேண்டுமென்றேதான் எடுத்திருந்தார்கள். முதல் தடவை கணினி திறந்ததும் வரும் வரவேற்புச் சாளரத்தின் வழியே ஃபயர்பாக்ஸ், குரோமியம், ஃபால்கன், குனோம் வெப் என்று ஒரு பட்டியலுக்குப் போகலாம். பிடித்ததைச் சொடுக்கி நிறுவிக்கொள்ளலாம். அவசரத்தில் அந்தச் சாளரத்தை மூடிவிட்ட புதியவரின் பாடு திண்டாட்டம்தான். உலாவியை நிறுவுவது எப்படி என்று இணையத்தில் தேட வேண்டும். தேடுவதற்கே உலாவி வேண்டும்.

ஆனாலும் அந்த முடிவைக் கேலி பேசி ஒதுக்கிவிட முடியாது. விண்டோஸில் உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரை ஒன்றைக் காட்டவைக்க ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2010-இல் வந்த அந்தத் திரை விண்டோஸ் 7-இன் சர்வீஸ் பேக் 1-இல் காணாமல் போனது. அதற்காக 2013-இல் 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது. ஆணையம் இவ்வளவு பாடுபட்டு வாங்கிய உரிமையைப் பெப்பர்மின்ட் தானாகவே கொடுத்தது. மற்றவர்கள் அப்படியில்லை. லினக்ஸ் லைட் 2022-இல் தன் 6.0 பதிப்பில் ஃபயர்பாக்ஸை எடுத்துவிட்டு குரோமை வைத்தது. சோரின் ஓஎஸ் 2025-இல் 17.3 பதிப்பில் பிரேவுக்கு மாறியது. இரண்டும் புதியவர்களை வாவென்று அழைக்கும் இயங்குதளங்கள். எந்த உலாவி என்ற கேள்விக்கு அவர்கள் சார்பில் வேறு யாரோ பதில் சொல்லிவிடுகிறார்கள்.

தேர்வை விட்டுக்கொடுப்பது நல்லதுதான். தேர்ந்தெடுக்கத் தேவையான விவரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. வெறும் பெயர்களும் சின்னங்களும் புதியவருக்கு எதையும் சொல்வதில்லை. எது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், எதன் பாதுகாப்பு ஓட்டைகளை யார் அடைப்பார்கள், இரண்டு ஜிபி ரேமில் எது தாங்கும் என்பவைதான் அவருக்கு வேண்டிய தகவல்கள். எடை குறைந்த இயங்குதளங்களில் உலாவி நிறுவும் வழக்கம் முழுவதையும் இந்த அளவுகோலால் பார்த்தால், வெகுவாகப் பாராட்டப்பட்ட சில வழிகள் சறுக்குகின்றன. வசவு வாங்கிய ஒன்று எதிர்பாராமல் தேறிவிடுகிறது.

‘எடை குறைவு’ என்ற சொல்லையே முதலில் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற மேசைச்சூழல்கள் மிச்சப்படுத்துவது சில நூறு எம்பி ரேம். அதன்மேல் ஃபயர்பாக்ஸையோ குரோமையோ திறந்து, மின்னஞ்சல், யூடியூப், வங்கிக் கணக்கு என்று நாலைந்து தாவல்கள் போட்டால் ஒரு ஜிபி சாதாரணமாகத் தாண்டிவிடும். மேசைச்சூழலில் சிறுகச் சிறுகச் சேமித்ததை உலாவி ஒரே மடக்கில் குடித்துவிடுகிறது. இந்தக் கணினிகளில் பெரும்பாலானோர் செய்கிற வேலை முழுவதும் உலாவிக்குள்தான் நடக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்து, பழைய கணினியை வீசிவிட மனமில்லாமல் லினக்ஸ் பக்கம் வருபவர் கேட்பதும் ஒழுங்காக ஓடும் ஓர் உலாவியைத்தான்.

சுலபமான வழியிலிருந்து தொடங்கலாம். குரோமை வேண்டுபவர் கூகுளின் தளத்திலிருந்து டெப் என்ற நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி இருமுறை சொடுக்குகிறார். விண்டோஸில் பழகிய கைக்கு இதைவிட இயல்பான வழி கிடையாது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்தக் கோப்பு சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்கிறது: கூகுளின் மென்பொருள் களஞ்சியத்தையும் கணினியின் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. அதன்பிறகு மற்ற மென்பொருள்களோடு குரோமும் புதுப்பிக்கப்பட்டுவரும். ஒரு நிறுவனத்தின் கையைக் கணினிக்குள் நிரந்தரமாக விடுகிறோம் என்ற குறை உண்மையே. புதுப்பித்தல் மறந்துபோகாது என்ற நிறையும் உண்மையே. குரோமுக்கு எதிரான வலுவான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியின் முழு வடிவத்தை 2025-இல் குரோம் முற்றாக நிறுத்தியது. ஃபயர்பாக்ஸில் அது இன்னும் ஓடுகிறது. ரேம் குறைந்த கணினியில் விளம்பரத் தடுப்பான் ஓர் ஆடம்பரம் கிடையாது. ஒரு செய்தித்தளத்தைத் திறக்க முடிகிறதா முடியவில்லையா என்பதையே அது தீர்மானிக்கும். பழைய கணினிகளுக்கென்றே உருவான இயங்குதளம் குரோமை முன்கூட்டியே வைத்து அனுப்புவது அந்தக் கோணத்தில் வேடிக்கையான முடிவு.

ஃபயர்பாக்ஸ் கதை சிக்கலானது. உபுண்டு குடும்பத்தில் 2022 ஏப்ரலில் வந்த 22.04 பதிப்பு முதல், ‘ஏபிடி இன்ஸ்டால் ஃபயர்பாக்ஸ்’ என்று தட்டினால் வருவது வழக்கமான டெப் தொகுப்பு இல்லை, உபுண்டுவின் நிறுவனமான கனோனிகல் உருவாக்கிய ஸ்னாப் என்ற வேறு வகைத் தொகுப்பு. குரோமியத்துக்கு இது 19.10 பதிப்பிலேயே நடந்துவிட்டது. கேட்டது ஒன்று, கிடைப்பது வேறு. அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். லினக்ஸ் மின்ட் இதற்குக் கடும் எதிர்ப்புத் தெரிவித்து, 2020-இல் தன் 20-ஆம் பதிப்பில் ஸ்னாப்பைத் தடுத்தே வைத்தது. குரோமியத்தைத் தானே தொகுத்து வழங்கத் தொடங்கியது. எல்எக்ஸ்க்யூடி சூழலோடு வரும் லுபுண்டுவுக்கு அந்தத் துணிச்சலுக்கு வழியில்லை. உபுண்டு குடும்பத்தின் உறுப்பினர் என்பதால் ஸ்னாப் ஃபயர்பாக்ஸோடுதான் அது வந்தது.

ஸ்னாப் வாங்கிய வசவுகள் நியாயமானவை. தொடக்கத்தில் ஸ்னாப் ஃபயர்பாக்ஸ் முதல் தடவை திறக்க எடுத்துக்கொண்ட நேரம் பொறுமையைச் சோதித்தது. சுருக்கிவைத்த கோப்பை விரித்துப் படிக்க வேண்டியிருப்பதால், சுழல்வட்டு வைத்த பழைய கணினிகளில் தாமதம் இன்னும் கூடியது. புதிய பதிப்பு வந்தாலும் பழையதை ஒரு பிரதி வைத்துக்கொள்வதால் வட்டிலும் இடம் போகும். கடவுச்சொல் மேலாளர்கள் போன்ற வெளிநிரல்களோடு உலாவி பேச முடியாமல் சில மாதங்கள் கழிந்தன. கனோனிகல் பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்தது. இருந்தும் அந்த முதல் அனுபவத்தின் கசப்பு இன்றுவரை வாய்வழியாகப் பரவிக்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ஸ்னாப்புக்கு ஒரு வாக்கு விழுகிறது என்றால், காரணம் நிறுவி ஆறு மாதம் கழித்து உலாவி இருக்கும் நிலைதான். ஸ்னாப் ஃபயர்பாக்ஸை, அந்த உலாவியை உருவாக்கும் மொசில்லாவே நேரடியாகத் தொகுத்து வெளியிடுகிறது. ஒரே தொகுப்பு உபுண்டுவின் எல்லாப் பதிப்புகளுக்கும் போகிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை புதிய பதிப்பு உண்டா என்று கணினி தானாகப் பார்த்துக்கொள்கிறது. புதுப்பிக்கும் பொத்தானையே தொடாத ஒருவரின் கணினியிலும் ஓட்டை அடைபடும். வேகத்தைப் பற்றிப் புகார் எழுதுபவர் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவர். அவர் தன் கணினியைத் தானே பார்த்துக்கொள்வார். புகார் எழுதாத புதியவருக்கு இந்தத் தானியங்கு ஏற்பாடு செய்யும் நன்மை கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஸ்னாப் வேண்டாம் என்பவருக்கு 2024 ஜனவரியில் மொசில்லா வேறொரு கதவைத் திறந்தது: டெபியன், உபுண்டு வகைகளுக்கான தன் சொந்த ஏபிடி களஞ்சியம். நல்ல தொகுப்பு, உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக வருவது, வேகமானது. இதில் சேர டெர்மினலில் ஐந்தாறு நீளமான வரிகளை ஒட்ட வேண்டும். கையொப்பச் சாவியை இறக்குவது ஒன்று, அதன் கைரேகை சரியா என்று பார்ப்பது ஒன்று, களஞ்சிய முகவரியைச் சேர்ப்பது ஒன்று. கடைசியாக, முன்னுரிமை எண் 1000 என்று ஒரு சிறு கோப்பு எழுத வேண்டும். பலரும் தாண்டிப்போவது இந்தக் கடைசிப் படியைத்தான். ஸ்னாப்புக்குத் திருப்பிவிடும் உபுண்டுவின் தொகுப்புக்கு மொசில்லாவின் எந்தப் பதிப்பைவிடவும் பெரிதாகத் தெரியும்படி ஓர் எண் இடப்பட்டிருக்கிறது. அதனால் முன்னுரிமைக் கோப்பு இல்லாவிட்டால், அடுத்த புதுப்பித்தலில் கணினி மொசில்லா தொகுப்பைத் தள்ளிவிட்டு ஸ்னாப்புக்கே திரும்பிவிடும். புதியவருக்கு நடந்தது என்னவென்றே புரியாது. சேமித்த கடவுச்சொற்களும் புத்தகக்குறிகளும் வேறொரு கோப்புறையில் தங்கிப்போக, எல்லாம் அழிந்துவிட்டது என்று பதறுவார். இவ்வளவு நல்ல தொகுப்புக்கு இருமுறை சொடுக்கினால் முடிகிற ஒரு டெப் கோப்பையும் மொசில்லா சேர்த்துத் தந்திருக்கலாம். கூகுளால் முடிகிறது.

எல்லா லினக்ஸ் வகைகளுக்கும் பொதுவான ஃபிளாட்பேக் தொகுப்பு வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் களஞ்சியமான ஃபிளாட்ஹப்பில் இருக்கும் ஃபயர்பாக்ஸ் மொசில்லாவுடையது; குரோம் கூகுளுடையதன்று, மற்றவர்கள் பொதிந்தது. முதல் ஃபிளாட்பேக் செயலியோடு அதற்கான அடித்தள நூலகங்களும் பெருமளவில் இறங்கும். செல்பேசி டேட்டாவில் கணினியை இணைப்பவருக்கு அது வலிக்கும்.

எடை குறைந்த இயங்குதளம் என்றதும், எடை குறைந்த உலாவி என்ற ஆசையும் கூடவே வருகிறது. ஃபால்கன், மிடோரி, டில்லோ, நெட்சர்ஃப் என்று பெயர்கள் வரிசைகட்டும். புதியவர்களுக்கான குறிப்புகளில் மிகத் தவறான அறிவுரை இங்கேதான் இருக்கிறது. டில்லோ 1999-இல் பிறந்தது. சில எம்பிதான் எடுக்கும். ஆவணங்களைப் படிக்க அருமையான கருவி. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் கிடையாது என்பதால் வங்கித் தளம் அதில் திறக்காது. 2015-க்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் பதிப்பே வராமல் கிடந்து, 2024-இல்தான் மீண்டு வந்தது. மிடோரியோ தன் பழைய இலகு இயந்திரத்தைக் கைவிட்டு ஃபயர்பாக்ஸின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. பெயரில் மட்டும் பழைய லேசு மிச்சம்.

ஃபால்கன் விஷயம் இன்னும் நுட்பமானது. பார்க்க முழு உலாவி போலவே இருக்கும். எல்லாத் தளமும் திறக்கும். அதனுள் ஓடுவது க்யூடி வெப்எஞ்சின். அது குரோமியத்திலிருந்து எடுத்த இயந்திரம். டெபியனின் பாதுகாப்புக் குறிப்புகள் இந்த இயந்திரத்துக்குத் தங்களால் பாதுகாப்புத் திருத்தங்கள் தர இயலாது, நம்பகமான பக்கங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டன. ஃபயர்பாக்ஸுக்கும் குரோமியத்துக்கும் அப்படியில்லை. டெபியன் அவற்றைத் தொடர்ந்து புதுப்பிக்கிறது. ஆக, டெபியனை அடித்தளமாகக் கொண்ட ஓர் இயங்குதளத்தின் பட்டியலில் இந்த மூன்று பெயர்களும் ஒரே வரிசையில் நிற்கும்போது, புதியவருக்குத் தெரிய வேண்டிய ஒரே வேறுபாடு மறைக்கப்படுகிறது. பெப்பர்மின்டின் பட்டியல் மேல் வைக்கக்கூடிய பெரிய குற்றச்சாட்டு இதுவே. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

பப்பி லினக்ஸ் தனி உலகம். ஆஸ்திரேலியர் பேரி காலர் 2003-இல் தொடங்கியது. ரேமுக்குள்ளேயே முழுவதும் ஏறி ஓடும். பத்து வருடக் கணினியும் பறக்கும். குவிக்பெட் என்ற கருவியில் ஒரு சொடுக்கில் உலாவி வந்துவிடும். இதுவரைக்கும் புதியவர் சொர்க்கம். ஆனால் பப்பியில் எல்லாமே ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடுவதால், இணையத்துக்குப் போகும் உலாவியை மட்டும் ‘ஸ்பாட்’ என்ற அதிகாரம் குறைந்த பயனராக ஓடவைப்பது அங்குள்ளவர்களின் வழக்கம். உலாவியின் தற்காலிகக் கோப்புகள், பப்பி தன் மாற்றங்களை வைக்கும் சேமிப்புக் கோப்பை நிரப்பி, ஒருநாள் இடமில்லை என்ற எச்சரிக்கை வரும்போது எதை நீக்குவது என்று புதியவருக்குப் புரியாது. முதல் நாள் ஆனந்தத்துக்கும் ஆறாம் மாத அவதிக்கும் உள்ள தூரம் பப்பியில்தான் மிக அதிகம்.

தமிழில் படிப்பவருக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. இப்படிச் சுருக்கப்பட்ட இயங்குதளங்களில் தமிழ் எழுத்துரு இல்லாமலே உலாவி வந்துவிடும். பக்கம் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். லோகித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும். டெபியனில் ஃபயர்பாக்ஸின் தமிழ் இடைமுகமும் தனித் தொகுப்பாகவே கிடைக்கிறது. தேடி நிறுவ வேண்டும். 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றுக்கு மறுவாழ்வு தர நினைப்பவர் முதலில் முட்டுவது இந்தக் கட்டங்களில்தான். எந்த மொழியில் படிப்பீர்கள் என்று நிறுவும்போதே கேட்கும் இயங்குதளம், உலாவியை நிறுவும்போது அந்தப் பதிலை மறந்துவிடுவதற்கு நியாயம் சொல்ல முடியாது.

இவை எல்லாவற்றையும்விடப் பழைய 32-பிட் கணினிகளில், எந்த வழியில் நிறுவுவது என்ற கேள்வியே பொருளிழந்து வருகிறது. 32-பிட் லினக்ஸுக்கான குரோம் 2016 மார்ச்சிலேயே நின்றுபோனது. லுபுண்டு 32-பிட் பதிப்பை 19.04-இலிருந்து விட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் நிறுவியே கிடையாது. ஃபயர்பாக்ஸில் 144-தான் 32-பிட் லினக்ஸுக்கான கடைசிப் பதிப்பு என்று மொசில்லா அறிவித்துவிட்டது. 140 இஎஸ்ஆர் பதிப்புக்கு மட்டும் 2026 செப்டம்பர் வரை திருத்தங்கள் வரும். ஆன்டிஎக்ஸ் 23 போன்ற எடை குறைந்த இயங்குதளங்களில் 32-பிட் நெட்புக்குகள் அதற்குப் பிறகும் நன்றாகத் துவங்கும். கடிதம் தட்டச்சு செய்யலாம், பாட்டுக் கேட்கலாம், பிடிஎஃப் படிக்கலாம். வங்கிக் கணக்கை மட்டும் அவற்றில் திறக்கக் கூடாது.