சிஃபி வழக்கு: டொமைன் தீர்ப்பும் அது எட்டாத இடமும்

இந்தியாவில் இணைய முகவரிப் பெயர், அதாவது டொமைன் (ஆள்களப் பெயர்), யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் சட்ட மாணவர்கள் முதலில் சொல்லும் வழக்கு 'சத்யம் இன்ஃபோவே எதிர் சிஃபிநெட் சொல்யூஷன்ஸ்'. உச்ச நீதிமன்றம் 2004 மே 6 அன்று இதில் தீர்ப்பு வழங்கியது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே 1998இல் இணைய இணைப்புச் சேவை தொடங்கிய தனியார் நிறுவனம். 1999 அக்டோபரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அடுத்த மாதமே இந்தியாவேர்ல்டு இணையதளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. தன் பெயரைச் சுருக்கி 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கி, 1999இல் டொமைன்களாகப் பதிவு செய்திருந்தது. 2001இல் பெங்களூரு நிறுவனம் ஒன்று, ஓர் 'எஃப்' கூடுதலாகச் சேர்த்து அதே ஒலியில் பதிவு செய்தது. நிறுவியவர்களின் பெயர்களின் முதலெழுத்துகளே அவை என்று அது சொன்ன விளக்கத்தை உச்ச நீதிமன்றம் நம்பவில்லை. நகர உரிமையியல் நீதிமன்றம் விதித்த தடையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் நீக்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் நிலைநிறுத்தியது.

டொமைன் வெறும் முகவரி அல்ல, வணிக அடையாளமும்கூட என்பதே தீர்ப்பின் அடிப்படை. டொமைனுக்கெனத் தனிச்சட்டம் இல்லாத நிலையில், ஒருவர் பொருளை மற்றவர் பொருளாகக் காட்டி விற்பதைத் தடுக்கும் பழைய கோட்பாட்டை நீதிபதி ரூமா பால் இணையத்துக்கும் நீட்டினார். பதிவாளரிடம் பணம் கட்டியதாலேயே உரிமை வந்துவிடாது என்றது துணிவான முடிவு. ஆனால் இது இடைக்காலத் தடை பற்றிய உத்தரவு என்பதைப் பலரும் மறந்துவிட்டு, முழு விசாரணை முடிந்த தீர்ப்புபோல மேற்கோள் காட்டுகிறார்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பைப் பெற, பெயருக்கு நற்பெயர் இருப்பதை வழக்குத் தொடுப்பவர் நிறுவ வேண்டும். விளம்பரமும் சந்தாதாரர்களும் பங்குச் சந்தை இடமும் கொண்ட நிறுவனத்துக்கு அது எளிது. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணியிலோ செய்யாறு பக்கத்திலோ தறி வைத்திருப்பவர் எதைக் காட்டுவார்? அவர் நெய்த பட்டு வேறு ஊர்க் கடையின் பெயரில்கூட விற்பனைக்குப் போகிறது. 'ஆரணிப் பட்டு' என்ற பெயரில் யாரோ ஒரு வணிகர் டொமைன் வாங்கிவிட்டால், அந்தப் பெயர் தனியொருவருடையது அல்ல என்பதே நெசவாளருக்கு எதிரான வாதமாகிவிடும்.

ஒலி ஒற்றுமை என்ற அளவுகோலும் இங்கே தடுமாறும். 'சிஃபி' புனைந்த சொல். ஓர் எழுத்துக் கூட்டினால் சந்தேகம் வருவது நியாயம். ஆரணியையோ ஆங்கிலத்தில் நடுவே 'ஏ' சேர்த்தும் எழுதுகிறார்கள், சேர்க்காமலும் எழுதுகிறார்கள். இரண்டுமே சரி. ஊர்ப்பெயரை எப்படி எழுதினாலும் அது பொதுச்சொல்தான்.

உலக அளவில் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த தகராறுத் தீர்வு முறையும் வணிக முத்திரையைத்தான் காக்கிறது. புவிசார் குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே முறையிட முடியாது. முறையிட முடிந்தாலும் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவர் விசாரிக்கக் கட்டணம் 1,500 டாலர். சில நூறு ரூபாய்க்குப் பதிவாகும் பெயரை மீட்க இவ்வளவு!