அடாணாவும் பாமரர் காதும்

ஏ.ஆர். ரஹ்மானின் 'வீரா ராஜ வீரா' பாட்டு, துருபத் என்னும் இந்துஸ்தானி பாணியில் பாடிய டாகர் சகோதரர்களின் படைப்பிலிருந்து எடுத்தது என்று தொடுக்கப்பட்ட வழக்கில் 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி இட்ட இடைக்கால உத்தரவைச் செவ்விசைக்குக் கிடைத்த நீதி என்று பலர் இன்னமும் கொண்டாடுகிறார்கள். டாகர் சகோதரர்களின் பெயரைப் போட வேண்டும், ரஹ்மான் தரப்பு 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது அந்த உத்தரவு. பாட்டின் பெயர்ப் பட்டியலில் 'டாகர்வாணி மரபு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வது போதாதுதான். பந்திஷ் எனப்படும் இந்துஸ்தானி உருப்படிக்கும் ஆசிரியர் உண்டு என்று நீதிமன்றம் கருதியதும் நல்லதே.

ஆனால் களவை எதைக் கொண்டு அளந்தார்கள்? ஸ்வரங்கள் பேசப்பட்டன, ஆனாலும் உரைகல்லாக நின்றது பாமரக் கேட்பவரின் காது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் ஒரு நாடகத்தையும் ஒரு சினிமாவையும் ஒப்பிட உச்ச நீதிமன்றம் கைக்கொண்ட வழியிலிருந்து வந்தது இது. கதையை ஒப்பிடச் சாதாரணப் பார்வையாளர் போதும். ராகத்துக்கு அவர் போதவே மாட்டார்.

இரண்டு பாட்டும் அமைந்த இந்துஸ்தானி அடாணா மேல் ஸட்ஜத்தைச் சுற்றியே உலவும் ராகம். யார் இயற்றினாலும் பாட்டு அங்கே ஏறித்தான் தீரும். அதனோடு துருபத்தின் கம்பீரமும் சேர்ந்தால், பழகாத காதுக்கு எல்லா அடாணாவும் ஒரே பாட்டுத்தான். கச்சேரியில் ஒரு கீர்த்தனையை எடுத்ததுமே சினிமாப் பாட்டின் பெயரைச் சொல்லும் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பிடிபடுவது ராகச் சாயல் மட்டுமே. அவரையா தீர்ப்பு சொல்ல அழைப்பது? மெட்டை அப்படியே எடுத்து, காலப்பிரமாணத்தை மாற்றி, வாத்தியக் கூட்டத்துக்குள் புதைத்துவிட்டால் அவர் கவனிக்கவும் மாட்டார். ராகத்துக்கு உண்மையாக இருந்தவர் மாட்டுவார், சாமர்த்தியமாகத் திருடியவர் தப்புவார்.

அமெரிக்காவிலும் இதே கோளாறுதான். கேட்டி பெரியின் 'டார்க் ஹார்ஸ்' பாட்டுக்காக 2019-இல் ஜூரி சுமார் 28 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. களவென்று சொல்லப்பட்ட எட்டு ஸ்வரத் துணுக்கு தனியுரிமை கோரக்கூடியதல்ல என்று மறு ஆண்டே நீதிபதி அதை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

டெல்லி உத்தரவை 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. பாடியவர்தான் இயற்றியவர் என்று கொள்ள முடியாது என்பதே காரணம். ஒப்புமைக் கேள்விக்குள் அமர்வு போகவில்லை. ஆகவே பாமரக் காது அசையாமல் அப்படியே இருக்கிறது. கலை அறிந்தவரின் கருத்தைச் சாட்சியமாகப் பெறச் சட்டம் எப்போதோ இடம் தந்துவிட்டது. அடுத்த வழக்கிலாவது வித்வான்களை உட்காரவைத்து இரண்டு பாட்டையும் ஸ்வரப்படுத்தட்டும். அதே ராகத்தின் பழைய பந்திஷ்களையும் பக்கத்தில் வைத்து, ராகத்துக்குரியதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை மட்டும் ஒப்பிடட்டும்.