புகையைத் தின்னும் நெருப்பு

நல்ல கணப்பில் இரண்டு சுடர்கள் உண்டு. ஒன்று விறகின் மேல் எழுவது. எல்லா நெருப்பிலும் அதைப் பார்க்கலாம். இன்னொன்றைப் பார்க்க, இரட்டைச் சுவர் வைத்த எவர்சில்வர் கணப்பின் பக்கத்தில், இருட்டிய பிறகு, கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கலத்தின் உட்புறம், விளிம்புக்குச் சற்றுக் கீழே, வட்டமாகச் சிறு துளைகள் இருக்கும். உலோகம் நன்றாகச் சூடேறியதும் ஒவ்வொரு துளையின் வாயிலும் ஒரு நெருப்பு நாக்கு முளைத்து நடுவை நோக்கிச் சாயும். துளைக்குள் விறகும் இல்லை, எரிவாயுக் குழாயும் இல்லை. அங்கே எரிவது புகை. அதுவரை கண்ணைக் கரித்துக்கொண்டிருந்த புகை அப்போது இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அமெரிக்கர்கள் வீட்டுக் கொல்லையிலும் முகாம்களிலும் குளிர்காய வைத்திருக்கும் இந்த 'ஃபயர் பிட்'டை நான் ஒரு கலைப்பொருளாக மதிப்பது அந்த இரண்டாம் சுடருக்காகத்தான்.

புகை என்பது எரியாமல் தப்பிய விறகு. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்கு, சூடு பட்டதும் வாயுவாகவும் தார் ஆவியாகவும் பிரிந்து வெளியேறிவிடும். கடைசியில் தங்குவது கரி மட்டும். வெளியேறும் வாயு பற்றி எரிய ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடும் தேவையான காற்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். திறந்தவெளி நெருப்பில் இவை இரண்டும் சேர்வது அரிது. பக்கத்திலிருந்து பாயும் குளிர்ந்த காற்று சுடரைத் தணித்துவிடுவதால், வாயுவில் ஒரு பகுதி எரியாமலே குளிர்ந்து, துளித்துளியான தாராகவும் கரித்தூளாகவும் நம் சட்டையில் வந்து உட்காருகிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சற்று நேரம் எரிந்த மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெண்மையான புகை இழை ஒன்று எழும். திரியைத் தொடாமல், அந்த இழையில் மட்டும் எரியும் தீக்குச்சியைக் காட்டினால் நெருப்பு இழை வழியாகவே கீழிறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். மைக்கேல் ஃபாரடே மெழுகுவத்தியைப் பற்றி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய புகழ்பெற்ற உரைகளில் இதைச் செய்து காட்டினார். புகையும் எரிபொருளே என்பதற்கு இதைவிட அழகான நிரூபணம் எனக்குத் தெரியாது.

இரட்டைச் சுவர்க் கணப்பு செய்வதும் இதைத்தான். வெளிச்சுவரின் அடியில் உள்ள துளைகள் வழியாகக் காற்று நுழைகிறது. ஒரு பங்கு, அடித்தட்டின் சல்லடை வழியே தணலுக்குள் ஏறுகிறது. மறு பங்கு இரண்டு சுவர்களுக்கும் இடையில் மேலேறும்போதே சூடாகி, மேல் துளைகள் வழியாகப் புகைக்குள் பாய்கிறது. வந்து சேரும் காற்றே சூடாக இருப்பதால் புகை குளிராமல் அங்கேயே பற்றிக்கொள்கிறது. விசிறி இல்லை, மின்சாரம் இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. நெருப்பு எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. கீழே எத்தனை துளை, மேலே எத்தனை, சுவர்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்ற கணக்கில்தான் செய்தவரின் கைத்திறன் தெரியும்.

எண்ணம் பழையது. நீராவி எந்திரத்துக்குப் பேர்போன ஜேம்ஸ் வாட், புகையை எரித்துவிடும் உலைகளுக்கு 1785-இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தன் புகையைத் தானே தின்னும் நிலக்கரி அடுப்பு ஒன்றை விவரித்து எழுதினார். 1980-களில் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் ரீடும் நார்வேக்காரரான பால் வெண்டல்போவும், ஒருவரை ஒருவர் அறியாமலே, உச்சியில் பற்றவைத்துக் கீழ்நோக்கி எரியவிடும் சமையல் அடுப்புகளை உருவாக்கினார்கள். ஏழை வீடுகளின் சமையற்கட்டுப் புகையை ஒழிப்பது அவர்களுடைய நோக்கம். இன்று கடைகளில் நிற்கும் பளபளப்பான கணப்புகள் இந்த மரபின் பிள்ளைகள். சோலோ ஸ்டோவ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் ஜான், ஸ்பென்சர் ஜான் சகோதரர்கள் முதலில் விற்றது, முதுகுப்பையில் அடங்கும் 255 கிராம் சமையல் அடுப்பு. கொல்லைப்புறத்துக்கான 'பான்ஃபயர்' 2016-இல்தான் வந்தது.

வாங்கப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது அகலம். இதற்கு அளவுகோல் விறகுதான். அமெரிக்காவில் கடையில் கட்டாக விற்கும் பிளந்த விறகு பெரும்பாலும் 16 அங்குல நீளம். பான்ஃபயர் 19.5 அங்குல அகலம் என்பதால் அந்த விறகு உள்ளே படுத்துக்கொள்ளும். அதன் தம்பியான 'ரேஞ்சர்' 15 அங்குலம்தான். அதில் அதே விறகு சாய்ந்து நிற்கும். தலை, துளை வட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தலையிலிருந்து வரும் புகை இரண்டாம் சுடரைச் சந்திக்காமலே தப்பிவிடும். ரேஞ்சர் ஏறக்குறைய 7 கிலோ, பான்ஃபயர் ஏறக்குறைய 10 கிலோ. விறகை அறுத்துக் குட்டையாக்கும் பொறுமை உள்ளவருக்கு ரேஞ்சர் அருமையான துணை. மற்றவர்கள் அந்த 3 கிலோவைக் கூடுதலாகச் சுமப்பதே நல்லது. 27 அங்குல 'யூகான்' 18 கிலோவுக்குச் சற்று மேல். அதைக் கொல்லையில் நிரந்தரமாக வைக்கலாம், காரில் ஏற்றி இறக்க ஏற்றதில்லை.

அடுத்தது உலோகம். 304 ரக எவர்சில்வராக இருக்க வேண்டும். நம் வீட்டு நல்ல பாத்திரங்களின் அடியில் 18/8 என்று பொறித்திருப்பதும் அதே ரகம்தான்: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். காந்தம் ஒட்டாது, வளைத்த ஓரங்களில் மட்டும் லேசாக இழுக்கலாம். துத்தநாகப் பூச்சுத் தகட்டில் செய்த மலிவுச் சரக்கு எவ்வளவு குறைந்த விலையானாலும் வேண்டாம்; சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப்புகை கக்கும்.

நல்ல எவர்சில்வர் முதல் நெருப்பிலேயே நிறம் மாறும். புதுப் பொருள் கெட்டுவிட்டதே என்று சிலர் பதறித் தேய்த்துக் கழுவுகிறார்கள். எனக்கோ அதுதான் கணப்பின் முகப்பொலிவு. 300 டிகிரியை நெருங்கும்போது வெளிறிய மஞ்சள், 400-ஐ ஒட்டிப் பழுப்பும் ஊதாவும், 550 அளவில் நீலம். உலோகத்தின் மேல் படரும் ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க ஒளி அதில் வேறு வேறு நிறமாகத் திரும்புகிறது. பழகிய கணப்பின் விளிம்பில் விரல் அகலத்துக்குள் பொன்னும் செம்பும் ஊதாவும் மயில்நீலமும் அடுத்தடுத்து நிற்கும். எந்த இடம் எவ்வளவு சூடேறியது என்று அந்த நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

மற்ற நிறுவனங்களின் பாணியும் ரசிக்கத்தக்கது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் செய்யப்படும் பிரியோ கணப்புகள் தடித்த உலோகம். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம், ஆனால் ஆயுள் நீளம். பயோலைட் நிறுவனம் சுவருக்குப் பதில் கம்பி வலையும், மின்கலத்தில் சுழலும் விசிறியும் வைத்தது. பக்கவாட்டிலும் சுடர் தெரிவது அதன் அழகு. இருந்தாலும் மின்கலம் தீர்ந்தால் அந்தக் கணப்பு பாதி ஊமை. என் மனம் விசிறி இல்லாததன் பக்கமே சாய்கிறது.

கலம் எவ்வளவு உயர்ந்ததானாலும் விறகு ஈரமாக இருந்தால் அத்தனையும் வீண். பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீராக இருக்கும். நெருப்பு தன் சூட்டையெல்லாம் அதை ஆவியாக்கவே செலவழிக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும். ஈரமானி இருந்தால், விறகைப் புதிதாகப் பிளந்து அந்த உள்முகத்தில் குத்திப் பாருங்கள்; வெளித்தோல் பொய் சொல்லும். கருவி இல்லாவிட்டால் காது போதும். இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று அடங்கும். முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் வெடிப்பும், கையோடு உரிந்துவரும் பட்டையும் கூடுதல் சாட்சிகள். ஓக் நின்று எரியும், ஆனால் காய இரண்டு வருடம்கூட எடுத்துக்கொள்ளும். மேப்பிள் அமைதியாக எரியும். பிர்ச்சின் பட்டை மழைநாளிலும் பற்றிக்கொள்ளும். பைன் பற்றவைக்க மட்டும். அதன் பிசின் பொறி பறக்கவிடும்.

கணப்பை எங்கே வேண்டுமானாலும் தூக்கிச் செல்லலாம், விறகைத் தூக்கிச் செல்லக்கூடாது. எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு டெட்ராய்ட் பகுதியில் 2002-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பின்பு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அது சாகடித்தது. ஊர்விட்டு ஊர் போன விறகுக் கட்டுகள் அது பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம். எரிக்கும் ஊரிலேயே விறகை வாங்குவது அந்தக் காட்டுக்கு நாம் காட்டும் மரியாதை.

மூட்டுவதிலும் முறை உண்டு. பிளந்த விறகு இரண்டு மூன்றை அடியில் வைத்து, மேலே விரல் தடிமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, உச்சியில் சிராய்களைப் போட்டு அங்கே பற்றவைக்க வேண்டும். கீழிருந்து எழும் வாயு சுடரைத் தாண்டித்தான் வெளியே போக முடியும் என்பதால் தொடக்கப் புகையே பாதியாகக் குறையும். அதன் பிறகு, மணிக்கட்டு அளவு விறகை ஒவ்வொன்றாக, துளை வட்டத்துக்குக் கீழே அடங்கும்படி வைத்தால் போதும். அள்ளிக் கொட்டினால் இரண்டாம் சுடர் மூச்சுத் திணறி அணைந்து, புகை திரும்பி வரும். சரியாக எரியும் கணப்பிலிருந்து மெல்லிய ஓர் இரைச்சல் கேட்கும். அது தணிந்தால் அடுத்த விறகுக்கு நேரம் என்று பொருள்.

இதன் குறைகளையும் அறிந்தே விரும்ப வேண்டும். இரட்டைச் சுவர், பக்கவாட்டு வெப்பத்தைத் தடுப்பதால் முகம் காயும், பாதம் குளிரும். காற்று நன்றாக ஓடுவதால் விறகும் வேகமாகத் தீரும். புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காகக் கார்பன் மோனாக்சைடு இல்லை என்று ஆகிவிடாது. கூடாரத்துக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ ஒருபோதும் வைக்கக்கூடாது. மரத்தளத்திலும் புல்லிலும் அடிக்கால் தாங்கி அவசியம். வறண்ட மாதங்களில் உள்ளூர் நிர்வாகம் நெருப்புக்குத் தடை போட்டிருந்தால் கணப்பு வீட்டிலேயே இருக்கட்டும்.

அணைப்பதற்குத் தண்ணீர் ஊற்றுவது பெரும் பிழை. சூடான தகடு கோணிவிடும், சாம்பலோடு தண்ணீர் கலந்தால் உலோகத்தை அரிக்கும் காரநீர் ஆகும். எழுந்து போக வேண்டிய நேரத்துக்கு முக்கால் மணி முன்பே விறகு போடுவதை நிறுத்திவிட்டால் தணல் தானே எரிந்து தீரும். மறுநாள் ஆறிய பிறகு சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் தட்டுங்கள். உள்ளே ஒளிந்த கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அந்தச் சாம்பலில்தான் மதிப்பெண் எழுதியிருக்கும். கரித்துண்டுகள் கிடந்தால் விறகு ஈரம், அல்லது அவசரம். மாவாக, வெளுப்பாக, ஒரு கைப்பிடி மட்டும் மிஞ்சியிருந்தால் முந்தைய இரவின் நெருப்பு முழுமையானது. கடையில் காசு கொடுத்து வாங்குவது காற்றுக்கான வழியைத்தான்; மீதி, விறகைக் காயவைத்தவரின் பொறுமை. ஆகவே இந்தக் குளிர்காலத்துக்குக் கணப்பு வாங்க எண்ணியிருப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் விறகைப் பிளந்து, வெயிலும் காற்றும் படும் இடத்தில் அடுக்குங்கள். கலத்தை அது காய்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.