எண்ணும் படியும்

வீடியோ விளையாட்டில் புள்ளி என்பது ஒரு விமர்சனம். ஆடுபவனைப் பற்றி ஆட்டமே சொல்லும் தீர்ப்பு. யந்திரம் சொல்வதால் அதில் பாரபட்சம் இல்லையென்று தோன்றுகிறது. ஆனால் எந்தச் செயலுக்கு எவ்வளவு என்பதை ஒருவன் முன்பே முடிவு செய்துவைத்திருக்கிறான்.

1978ல் ஜப்பானின் தைட்டோ கம்பெனிக்காக நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் வெற்றி கிடையாது. ஓர் அணியை அழித்தால் அடுத்த அணி வரும். ஆடுபவன் கடைசியில் தோற்றே ஆகவேண்டும். தோல்வி நிச்சயமான ஆட்டத்தில் மறுபடியும் காசு போடவைத்தது திரையின் மேலே நின்ற அதிகபட்ச எண். அடுத்த வருஷம் அடாரியின் 'ஆஸ்டிராய்ட்ஸ்' அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று எழுத்துகள் பொறிக்க இடம் தந்தது. 2005ல் மைக்ரோஸாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் 360ல், ஒவ்வோர் ஆட்டத்திலும் செய்த சாதனைகளுக்குப் புள்ளி வைத்து, எல்லாவற்றையும் கூட்டி ஆடுபவனின் பெயரோடு ஒட்டியது. எண் ஆட்டத்தைவிட்டு மனிதன்மேல் ஏறிக்கொண்டது.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதத்தில் எண்ணின் காரியம் வேறு. அங்கே எண் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. சேர்த்த சொத்தைக் காட்டுவதில்லை. மேல் வரிசையில் நிற்பவனைப் பாம்பு விழுங்கினால், அதுவரை ஏறியதற்கென்று அவன் கையில் எதுவும் மிஞ்சாது.

ஏறுவதை எண்ணுவதற்கு இன்னோர் உதாரணம் நம் திருத்தணி மலையிலேயே இருக்கிறது. வருஷத்தின் நாளுக்கு ஒன்றாக 365 படிகள். டிசம்பர் 31 படித் திருவிழாவில் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். நூறாவது படிக்குக் கிடைக்கும் பூஜை முதல் படிக்குக் கிடைத்ததுதான். எண்ணிக்கை உண்டு, கூட்டல் இல்லை.

2023ல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'வை இந்தப் பின்னணியில் பார்க்கவேண்டும். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின் ஆகியோரின் கதை. ஆடுபவன் செய்யவேண்டியது சமையல். புள்ளி இல்லை, போட்டி இல்லை. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்துக் கலைந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை ஆடுபவன் ஊகிக்கவேண்டும். இதுதான் இந்தப் படைப்பின் பலம். ஒரு தலைமுறையிடமிருந்து இன்னொன்றுக்குப் போகையில் மொழியில் உதிர்ந்துபோவதை வசனமாகச் சொல்லாமல் ஆடுபவனின் கைவேலையாகவே ஆக்கிவிட்டார்கள். 2024ல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது நியாயம்.

ஆனாலும் ஒரு குறை. இட்லி கெட்டால் உடனே மறுபடி வைக்கலாம். மாவு தீர்வதில்லை; யாரும் பசியோடு எழுந்துபோவதில்லை. இழப்பெல்லாம் கதையில் நடக்கிறது, ஆட்டத்தில் நடப்பதில்லை. எண்ணை எடுத்தவர்கள் பாம்பையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அம்மாவின் சமையலறை மன்னிக்கும் இடம்தானே என்று பதில் வரலாம். மன்னிப்புக்குப் பொருள் இருக்கவேண்டுமானால் முதலில் ஏதாவது கெட்டிருக்கவேண்டும்.

இதை விளையாட்டைப் பற்றிய பேச்சாக மட்டும் நான் எழுதவில்லை. க.நா.சு. சிறந்த படைப்புகளுக்குப் பட்டியல் போட்டார். 1959ல் 'எழுத்து' தொடங்கிய செல்லப்பா பட்டியல் போதாது, அலசல் வேண்டும் என்று நின்றார். இருவர் வழியிலும் ஒரு படைப்பு தோற்க முடிந்தது. நாம் இப்போது பட்டியலைக் கேலி செய்கிறோம். அலசலுக்கும் பொறுமை இல்லை. ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு சேர்ந்தே மலை ஏறுகிறோம். புள்ளி போடுவதை விட்டது சரி. ஒரு கவிதை எந்த வரியில் சறுக்கியது என்று சொல்வதையும் விட்டுவிட்டோமானால், சறுக்காத கவிதையைச் சொல்ல நம்மிடம் வார்த்தை இருக்காது.