புண்ணை ஆற்றும் இலை

கோட்டுச்சேரிமேட்டின் உப்புக்காற்றில் ஓரங்கிழிந்தாடும் முற்றிய மடல்களுக்கு நடுவே, குருத்திலிருந்து அப்போதுதான் சுருள் பிரிந்த வாழையிலையைத் தடவிப் பார்த்தால், அதன் மெழுகு வழவழப்பும் நீர்க்குளிர்ச்சியும் அன்னமிடுவதற்கு மட்டுமன்றி, வெந்த சருமத்தைத் தாங்குவதற்கும் உகந்தவை என்பது விரல்களுக்கே விளங்கிவிடும். தீப்பட்டவரை வாழையிலையில் கிடத்தும் வழக்கம் நம்மிடையே நெடுநாளையது. மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே குழுவினர், இலையைத் துணியில் ஒட்டி, நீராவியில் கிருமி நீக்கித் தீப்புண்ணுக்குக் கட்டாக்கி, அதன் பயனை 2003-இல் வெளியிட்டனர்.

கட்டு மாற்றும் வேளையே தீப்புண்ணுற்றோர்க்கு மகா வேதனை. உலர்ந்த துணி புதுத்தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். இலையோ ஈரம் காத்து, எங்கும் பற்றாமல் வழுக்கி விலக, இளஞ்சிவப்பாய்ப் படரும் தோல் கலையாமல் நிற்கிறது. நாராகக் கிழியவே விரும்பும் அந்த இலையை மடிப்பு விழாமல் துணியோடு படியவைக்கும் கைகளின் நிதானம், மிக அருமையான வித்தை.