பூச்சி இல்லை, பூச்சு

முட்டுக்காடு பாலத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போயிருப்பேன். ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை, மணி ஒன்பதேகால். நெற்றியில் திரண்ட வியர்வைத் துளி ஒன்று புருவத்தைத் தாண்டி இடது கண்ணுக்குள் இறங்கியது. மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி எரிச்சல். கையுறையால் துடைத்தேன். கையுறையிலும் அதே பூச்சு ஒட்டியிருந்ததால் வலது கண்ணும் போயிற்று. ஈ.சி.ஆரில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்ட எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தட்டுத் தடுமாறி ஓரங்கட்டினேன்.

இளநீர்க் கடை அக்கா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். “இன்னாப்பா, கண்ணுல பூச்சி பூந்துச்சா?”

“பூச்சி இல்லக்கா, பூச்சு.”

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். “வெள்ளையா என்னமோ வழியுதே, நல்லா கழுவு மொதல்ல” என்றார்.

வழிந்தது சன்ஸ்கிரீன். டப்பாவின் முன்பக்கத்தில் ‘எஸ்.பி.எஃப். 50’ என்று பெரிதாகவும், ‘சென்சிட்டிவ் சருமத்துக்கும் ஏற்றது’ என்று கொஞ்சம் சிறிதாகவும் போட்டிருந்தது. வழக்கமாக நான் போனும் வாட்சும் சோதித்து எழுதுகிறவன். ‘இரண்டு நாள் சார்ஜ் நிற்கும்’ என்று போன் பெட்டியில் போட்டிருந்தால் ஒரு நாள்கூட நம்பமாட்டேன். முகத்தில் பூசுகிற சமாச்சாரத்தை மட்டும் ஏன் அப்படியே நம்பினேன் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். அடுத்த ஆறு வாரம் நான்கு வகை சன்ஸ்கிரீனை, ஒரு போனைப் படுத்துகிற அதே பாடு படுத்தினேன்: வார நாளில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓட்டம், ஞாயிறு நீண்ட சைக்கிள் பயணம். எல்லாம் சொந்தக் காசு. பிராண்டு பெயர் சொல்லப்போவதில்லை. ஒரே கம்பெனியே கண்ணை எரிப்பதும் விற்கிறது, எரிக்காததும் விற்கிறது.

என் சருமத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஷேவ் செய்தால் சிவக்கும். சோப்பு மாற்றினால் அரிக்கும். சித்திரை பிறந்தால் வேர்க்குரு. சோதனைக்கு இதைவிடத் தோதான தோல் கிடைக்காது.

முதலில் அந்த 50. எஸ்.பி.எஃப். 30 சரியாகப் பூசினால் தோலைச் சிவக்க வைக்கும் யு.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான். ‘சரியாகப் பூசினால்’ என்பதில்தான் சூட்சுமம். ஆய்வகத்தில் இந்த எண்ணைக் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். அதை நம் ஊர்க் கணக்குக்குக் கொண்டுவந்தால் முகம், கழுத்துக்கு ஒரு டீஸ்பூன், கைக்கு ஒன்று வீதம் இரண்டு, முழங்காலுக்குக் கீழே இன்னும் இரண்டு. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை பூச ஏறக்குறைய 25 கிராம். 50 கிராம் டியூப் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வரும். என் பழைய டியூபோ மூன்று மாதம் வந்தது! அதாவது இத்தனை நாளும் நான் பூசியது சன்ஸ்கிரீன் அல்ல, சன்ஸ்கிரீன் வாசனை.

இன்னொரு விஷயம்: எஸ்.பி.எஃப். பெரும்பாலும் யு.வி.பி. கதிரைப் பற்றித்தான் பேசுகிறது. நம்மைக் கறுக்க வைத்து, தோலைச் சுருங்க வைக்கும் யு.வி.ஏ. மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவி வரும். அதற்கு ‘பி.ஏ.’ என்ற குறியைப் பார்க்க வேண்டும். 1996-இல் ஜப்பானில் தொடங்கிய அளவு இது. மூன்று பிளஸ் வரைதான் இருந்தது, 2013-இல் நான்காவது பிளஸ் சேர்ந்தது. நான்கு பிளஸ் உள்ள 30, பிளஸ்ஸே போடாத 50-ஐவிட மேல் என்பது என் கட்சி.

மருந்துக்கடைக்காரரிடம் ஒருநாள் கேட்டேன்.

“சென்சிட்டிவ் ஸ்கின்னுக்கு இதான் சார் போகுது.”

“பின்னாடி என்னென்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களாண்ணே?”

“பின்னாடி யாரு சார் படிக்கிறா? எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

அவர் சொன்னது நியாயம். போன் கேமராவைத் திறந்து பெரிதாக்கிப் படியுங்கள், நான் அப்படித்தான் படித்தேன். சோதனையில் முதலாவது, கண் எரிந்த அந்த ஜெல். அதில் அவோபென்சோன், ஆக்டோக்ரிலின், ஆல்கஹால், வாசனை, எல்லாம் இருந்தன. பூசும்போது சொர்க்கம்: பிசுபிசுப்பு இல்லை, வெள்ளையாகத் தெரியாது, அரை நிமிடத்தில் காய்ந்துவிடும். அலுவலகம் போகிறவருக்குக் குறையே சொல்ல முடியாது. ஓடத் தொடங்கி இருபது நிமிடம் ஆனதும்தான் சுயரூபம் தெரியும். அவோபென்சோன், ஆக்டோக்ரிலின் போன்ற ரசாயனக் கதிர் வடிகட்டிகள் வியர்வையோடு சேர்ந்து நகரும், நகர்ந்தால் கண்ணுக்குத்தான் போகும். ஷேவ் செய்த தாடையில் ஆல்கஹால் தனியாகக் காந்தியது. மூன்று முறை கொடுத்துப் பார்த்தேன், மூன்று முறையும் அதே கதை.

இரண்டாவது, வாசனை இல்லாத ஜிங்க் ஆக்சைடு லோஷன். என்னுடையதில் ஜிங்க் 20 சதவீதம். கெட்டியாக இருக்கும், இழுத்துத் தடவ வேண்டும். தடவியதும் கண்ணாடியில் பார்த்தால் வடபழனியில் தரிசனம் முடித்து வந்தவர் மாதிரி நெற்றியெல்லாம் விபூதி நிறம். கடற்கரையில் கூட ஓடுகிற நண்பர், “என்ன, காலையிலேயே கோயிலா?” என்றார். ஆனால் கண் எரியவில்லை. ஒரு மணி நேரம் ஓடி, வியர்வை கண்ணுக்குள் இறங்கியபோதும் உப்புக் கரிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஜிங்க் தோலின் மேலேயே தங்கிவிடுகிறது, ஒவ்வாமை உண்டாக்குவதும் மிக அரிது. கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று பலரும் எழுதுவார்கள், அது சரியல்ல. பெரும்பகுதியை உறிஞ்சித்தான் தடுக்கிறது. அமெரிக்காவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் வெளியிட்ட வரைவு விதியில், ‘பாதுகாப்பானது, பலன் தருவது’ என்று சொல்லப் போதுமான தரவு உள்ள வடிகட்டிகளாக இரண்டே இரண்டைத்தான் பட்டியலிட்டது: ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு. மற்றவை எல்லாமே கெடுதல் என்று அதற்குப் பொருள் இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் தரவு வேண்டும் என்றார்கள்.

ஒரு சூது உண்டு. முன்பக்கத்தில் ‘ஜிங்க்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பின்பக்கத்தில் ஆக்டோக்ரிலினும் வரிசையில் நிற்கும். கலப்படம் இல்லை, கலவை. கண் எரிந்தால் அந்தக் கலவையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது, டின்ட் சேர்த்த ஜிங்க். விபூதிப் பிரச்சினைக்கு இது பரிகாரம். நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடுக்கு வேறு ஒரு வேலையும் உண்டு. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மங்கு உண்டாவதற்கும் கூடுவதற்கும் கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் ஒரு காரணம். வெறும் ஜிங்க் அதைத் தடுக்காது, இரும்பு ஆக்சைடு ஓரளவு தடுக்கும். கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்கு என் ஓட்டு இதற்கே. குறை இரண்டு. நான் வாங்கியது யாருக்கான நிறமோ, எனக்குச் செங்கல் பொடி அப்பிய மாதிரி இருந்தது. வெள்ளை டி-ஷர்ட் காலரில் ஏறிய கறை மூன்று துவைப்புக்கும் அசையவில்லை.

நான்காவது, ஸ்டிக். பெரிய லிப் பாம் மாதிரி ஒரு குச்சி. மெழுகு அதிகம் என்பதால் புருவத்துக்கு மேலே வரப்புக் கட்டியது போல நிற்கிறது, வியர்வை பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. கை அழுக்காகாமல் வழியிலேயே மறுபடி தடவிக்கொள்ளலாம். உடம்பு முழுக்கப் பூச நினைத்தால் கஜானா காலி. ஒரே இடத்தில் நான்கு முறையாவது முன்னும் பின்னும் இழுத்தால்தான் போதுமான அளவு ஒட்டும். பலரும் ஒரே இழுப்பில் முடித்துக்கொள்கிறார்கள். ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து மறந்தேன், மதியம் திறந்தால் பாயசம். டியூபுகளையும் அந்தச் சூட்டில் வைக்காதீர்கள், மருந்து பிரிந்துவிடும்.

ஸ்பிரேயும் ஒன்று வாங்கினேன். பெசன்ட் நகர்க் காற்றில் பாதி எனக்கு, மீதி வங்காள விரிகுடாவுக்கு. அதை இந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை.

‘வாட்டர்ப்ரூஃப்’, ‘ஸ்வெட்ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தால் சற்று நிதானியுங்கள். அமெரிக்காவில் 2011 விதிகளின்படி இந்த இரண்டு சொல்லையும் டப்பாவில் போடவே கூடாது. தண்ணீருக்கு 40 நிமிடம் தாங்கும் அல்லது 80 நிமிடம் தாங்கும் என்று மட்டுமே சொல்லலாம். போனுக்கு ஐ.பி.68 என்று போடுகிற மாதிரி இது அளந்த கணக்கு. உடற்பயிற்சிக்கு 80 என்று போட்டதையே எடுங்கள். அதையும் வியர்த்துக் கொட்டினால் 80 நிமிடத்தில், இல்லாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதுதான். துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தால் அந்த நிமிடமே கணக்கு முடிந்தது, ஒற்றி எடுங்கள்.

புதிதாக வாங்கியதை நேரே முகத்தில் பூசிக்கொண்டு பத்து கிலோமீட்டர் ஓடப் போகாதீர்கள். முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும், ஒரு வாரம். பூசிய சில நிமிடத்தில் காந்தினால் அது பெரும்பாலும் எரிச்சல் மட்டும். ஓரிரு நாள் கழித்து அரிப்பு, தடிப்பு என்று வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். சிலருக்கு வெயில் பட்டால்தான் ஒவ்வாமை கிளம்பும், வீட்டுக்குள் செய்யும் சோதனையில் அது பிடிபடாது. அதனால் நான் கடைசி இரண்டு நாள் அந்தக் கையை வெயிலிலும் காட்டினேன். வாசனை விஷயத்தில் ஒரு வார்த்தை: ‘அன்சென்டட்’ வேறு, ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ வேறு. முதலாவதில் நாற்றத்தை மறைக்கவே ஒரு வாசனை சேர்த்திருக்கலாம். இரண்டாவதைத் தேடுங்கள்.

ஓட்டக்காரர்கள் பையில் தவறாமல் இருக்கும் இன்னொரு டியூப், முட்டிவலி ஜெல். அதில் கீட்டோபுரோஃபென் இருந்தால் உஷார். தடவிய இடத்தில் வெயில் பட்டால் கடுமையான ஒவ்வாமை வரலாம். அப்படி வந்தவர்களுக்கு ஆக்டோக்ரிலின் உள்ள சன்ஸ்கிரீனும் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. 2010-இல் ஐரோப்பிய மருந்து முகமை இதை ஆராய்ந்து, கீட்டோபுரோஃபென் ஜெல்லை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் தர வேண்டும் என்றது. தடவுகிற நாட்களிலும் நிறுத்திய பின் இரண்டு வாரமும் அந்த இடத்தில் வெயில் படக் கூடாது என்பது அங்கே எச்சரிக்கை. இங்கே கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பார். பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்களும் வெயிலில் சீக்கிரம் வெந்துபோவார்கள், அவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த ஆறு வாரத்தில் எனக்கு அதிகம் உதவியது பூச்சு இல்லை, போனில் இருக்கும் வானிலை ஆப். அதில் யு.வி. இண்டெக்ஸ் என்று ஒரு கட்டம் உண்டு. 1992-இல் கனடாவில் உருவான கணக்கு, பிறகு உலகமே எடுத்துக்கொண்டது. 3-க்குக் கீழே என்றால் பாதுகாப்பு தேவையில்லை, 11-ஐத் தொட்டால் உச்சம். மே மாதத்தில் என் ஆப் காலை ஏழு மணிக்கு 1, எட்டேகாலுக்கு 4, ஒன்பதரைக்கு 8, உச்சிவேளையில் 12 என்று காட்டியது. கண் எரிந்த நாளில் நான் புறப்பட்டதே எட்டரைக்கு. போன் கையில் இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள். உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் வெயில் உச்சத்தை நெருங்குகிறது. குளிராக இருக்கிறது என்று மலையில் ஏமாந்துவிடக் கூடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் யு.வி. சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே வேர்க்காமலே கறுத்துத் திரும்புவோம்.

கடைசியில் செலவுக் கணக்கு. என் ஜிங்க் லோஷன் 50 கிராம் 600 ரூபாய். ஒரு ஞாயிற்றுக்குக் கை, கால், முகம் எல்லாம் சேர்த்துப் பூசினால் 300 ரூபாய் தோலில். யு.பி.எஃப். 50 என்று போட்ட முழுக்கைச் சட்டை ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினேன். ஐம்பதில் ஒரு பங்கு கதிரைத்தான் உள்ளே விடும், வியர்த்தால் வழியாது, கண்ணுக்குப் போகாது, ஒவ்வாமைப் பேச்சே இல்லை. வெயிலில் முழுக்கையா என்று வீட்டில் சிரித்தார்கள். மெல்லிய துணி வியர்வையில் நனைந்து காற்றுப் பட்டால் அரைக்கையைவிடச் சுகம். வேர்க்குருவும் குறைந்தது, கையில் களிம்பு இல்லையே.

இப்போது என் ஏற்பாடு இதுதான். முழுக்கைச் சட்டை, முன்விளிம்பு வைத்த தொப்பி. முகம், காது, பின்கழுத்து, புறங்கைக்கு வாசனையற்ற ஜிங்க் லோஷன், கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு. புருவத்துக்கு மேலே ஸ்டிக். டியூப் இப்போது ஒன்றரை மாதம் வருகிறது. கண்ணை எரித்த ஜெல்லை என் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன், அவன் ஏ.சி. ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். மதிப்பெண் போடச் சொன்னால் ஜிங்க் லோஷனுக்குப் பத்துக்கு எட்டு. போன இரண்டும் விபூதிக்காக.

விடியற்காலை ஐந்தரைக்கு ஓடத் தொடங்கி ஏழு மணிக்குள் வீடு திரும்புகிறவரா நீங்கள்? இதில் எதையும் வாங்க வேண்டாம்.